ஆசையம்மா ஏசாத வீடு

அன்பாகப் பேசினால் நோயாளி செத்துப்போவான் என்பது ஆசையம்மாவின் கட்சி. வாய்விட்டு அவர் ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் யாராவது வாதாடியிருக்கலாம். அவர் பாட்டுக்குச் செய்துகாட்டிக்கொண்டு திரிந்தபடியால் ஊர் வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டது.

ஆசையம்மா என்பது பெயரில்லை, உறவுமுறை. என் கணவரின் காலஞ்சென்ற தாயாருக்கு அவர் ஒன்றுவிட்ட தங்கை. கணவர் அப்படிக் கூப்பிட்டதால் நானும் கூப்பிட்டேன். முறையுள்ளவர்களும் இல்லாதவர்களும் என்று ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆனால் ஆசையான சொல் ஒன்று அந்த வாயிலிருந்து தவறியும் விழுந்தது கிடையாது. நெடிய, எலும்பான மனுஷி. பிள்ளைகள் இல்லை, கணவரும் முன்பே போய்விட்டார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, ஒரு கையில் மூடிபோட்ட கஞ்சிச் சட்டியும் மறு கையில் நாய்களுக்கு ஒரு பூவரசந்தடியுமாக வருவார். வீட்டு வாசல் படலையைத் தள்ளும்போதே தொடங்கிவிடுவார்.

"எடேய் கொள்ளையிலை போவானே, இன்னும் எழும்பேல்லையோ? தோட்டத்துக்கு ஆரடா தண்ணி இறைக்கிறது? நானோ?"

உள்ளே பாயில் கிடப்பவன் காய்ச்சலோடு சிரிப்பான்.

நான் உடுப்பிட்டியிலிருந்து கலியாணம் முடித்து, மானிப்பாய்ப் பக்கத்தில் இருந்த அந்தக் கிராமத்துக்கு வந்த புதிது. ஐம்பதுகளின் பின்பாதி. உலகமெல்லாம் சுற்றிய ஒரு காய்ச்சல் கப்பலேறிக் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து ரயிலேறி எங்களிடமும் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். பஸ்ஸில் சாரதியும் கொண்டக்டரும் மட்டும் போய்வந்தார்கள். கழுத்தில் கற்பூரப் பொட்டலம் கட்டாத ஆள் இல்லை. வீட்டுக்கு வீடு மல்லித்தண்ணி கொதித்தது.

அந்தக் காலத்தில் எங்கள் பெண்களுக்கு வந்த பெரிய இக்கட்டு காய்ச்சல் அல்ல, பேச்சு. யாழ்ப்பாணத்து ஏச்சுக்கெல்லாம் தலைமை ஏச்சு "கொள்ளையிலை போவான்" என்பது. இந்தக் கொள்ளை திருட்டில்லை, கொள்ளைநோய். கோப்பை உடைத்த பிள்ளையையும், பிந்தி வந்த புருஷனையும், பயிர் மேய்ந்த ஆட்டையும் தலைமுறை தலைமுறையாகக் கொள்ளைநோய்க்கு அனுப்பி வைத்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். இப்போது அது மெய்யாகவே வந்து வாசலில் நிற்கிறது. வாய் பழக்கத்தில் திறக்கும், பயத்தில் மூடும். "கொள்..." என்று தொடங்கி, பாதியில் திடுக்கிட்டு, "கொள்ளு அவிச்சுத் தாறன், இரடா" என்று முடித்த தாய்மாரை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த மாதம் ஊரில் கொள்ளுக்குத் தட்டுப்பாடு என்றுகூடச் சொல்லலாம்.

ஆசையம்மா மட்டும் எதையும் விழுங்கவில்லை. ஊருக்கு அரசாங்க அதிகாரியான விதானையார் மணி அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், யாரும் யாருடைய வீட்டுக்கும் போகக்கூடாது என்று அறிவித்துக்கொண்டிருந்தார். கஞ்சிச் சட்டியோடு வந்த ஆசையம்மாவை எங்கள் படலையடியில் மறித்தார். காய்ச்சல் ஒருமுறை வந்து எழும்பினவருக்குத் திரும்ப வராது என்பது ஊர் நம்பிக்கை. ஆசையம்மா முதல் கிழமையே, முதல் வாரத்திலேயே, படுத்து எழும்பியவர். ஆகவே அவர் நடப்பதில் விதானையாருக்குத் தடையில்லை. தடை வேறு.

"அக்கா, ஊர் கிடக்கிற கிடையிலை உந்தச் சொல்லை மட்டும் விடுங்கோ."

"எந்தச் சொல்லை?"

விதானையாருக்கு அதைச் சொல்லவும் பயம். "அதுதான், உந்தக் கொ."

"கொ எண்டால்?"

"நோய் வந்து போறது."

"அதை விட்டிட்டு வேறை என்னத்தைச் சொல்லி ஏசிறது? அரசாங்கம் வேறை ஏதும் அனுப்பியிருந்தால் தாங்கோ, அதைச் சொல்லி ஏசிறன்."

விதானையார் மணியை அடித்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கிழமையே அவரும் படுத்தார். ஆசையம்மா போய் அவர் வாசலில் நின்று, "விதானையார், கொள்ளையிலை போற எண்ணமோ? அப்ப மணியை ஆர் அடிக்கிறது?" என்று கேட்டார். பதவிக்கும் வயதுக்கும் உரிய மரியாதை ஏச்சிலும் குறையாது. விதானையார் அழுதே விட்டாராம். "இன்னும் என்னை ஏசிறா. அப்ப எனக்கு ஒண்டுமில்லை" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அவ்வளவு கஞ்சியையும் குடித்தாராம்.

இதற்குப் பிறகு ஊருக்கு அது ஒரு சோதனை ஆகிவிட்டது. ஆசையம்மா ஏசினால் ஆள் பிழைக்கும். ஏசாவிட்டால் செத்தவீட்டுக்குத் தேவாரம் படிக்கிறவரைத் தேட வேண்டியதுதான்.

இந்த நம்பிக்கையில் மாட்டுப்பட்டவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். அவருக்குக் காய்ச்சல் வந்த நேரம் பார்த்து ஆசையம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. நாளெல்லாம் ஏசித் திரிந்தால் கட்டாமல் என்ன செய்யும். குரலே இல்லை. ஆனாலும் கஞ்சியோடு போனவர், வேறு வழி தெரியாமல் மனேச்சரின் தலையை ஒருமுறை தடவிவிட்டு வந்துவிட்டார். மனேச்சர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு, பல வருஷம் கதை பேச்சில்லாமல் கோபமாக இருந்த தன் மச்சானைக் கூப்பிட்டு, கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு, பிணக்கைத் தீர்த்துக்கொண்டார். அடுத்த கிழமை எழும்பிக் கடை திறந்தவருக்குப் பெரிய வெட்கம். அவ்வளவு காலமாகக் கட்டிக்காத்த கோபம் அநியாயமாகப் போய்விட்டது. மச்சானோடு திரும்பக் கோபிக்க ஒரு காரணம் கண்டுபிடிக்க அவருக்குத் தைப்பொங்கல்வரை எடுத்தது.

ஏச்சு எல்லோருக்கும் ஒத்துவரவும் இல்லை. கொழும்பிலிருந்து வந்து அகப்பட்டுக்கொண்ட ஒரு குடும்பத்துப் பிள்ளை, காய்ச்சலில் கிடந்தபடி, இவர் சொன்னதை அப்படியே நம்பி வீறிட்டு அழுதது. ஆசையம்மா சட்டியோடு நடுவீட்டில் நின்றார். அவருக்கு வேறு ஒரு மொழியும் தெரியாது. வெளியே போய் மதியம் வரை படலையடியில் குந்தியிருந்துவிட்டு, கஞ்சியை என்னிடம் தந்து கொடுக்கச் சொன்னார். "உது விளங்காத சனம்" என்று சொன்னாரே தவிர, அன்று முழுக்க வேறு எந்த வீட்டிலும் அவர் குரல் சரியாக ஏறவில்லை.

கையை மட்டும் பார்த்தவர்களுக்கு அவர் வேறு ஆள். எங்கள் மாமாவைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது வாய் அந்த மனுஷனின் ஏழு தலைமுறையையும் இழுத்துக்கொண்டிருக்கும். கை அவர் முதுகுக்குக் கீழே போய், தோல் உரிந்த இடத்தில் படாமல், துணியை மாற்றிவிட்டு வந்துவிடும். எப்போது மாற்றினார் என்று மாமாவுக்குத் தெரியாது. ஏச்சுக்கு மறுமொழி தேடுகிற மும்முரத்தில் அவர் நோவை மறந்திருப்பார்.

மாமா என்றால் என் கணவரின் தகப்பனார். புகையிலைத் தோட்டக்காரர். தெரு முனையில் நின்று பேசினால் இந்த முனைக்குக் கேட்கிற குரல். ஆனால் சாவு என்றால் குழந்தை. செத்தவீட்டுப் பறை கேட்டால் வேறு ஒழுங்கையால் சுற்றிப்போவார். அவருடைய வயிற்றில் ஒரு கட்டி இருந்தது. ஆஸ்பத்திரி விறாந்தையிலும் காய்ச்சல்காரருக்குப் பாய் விரித்திருந்த நேரம் அது. டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "வெட்டிப் பிரயோசனமில்லை பிள்ளை. இஞ்சை வைச்சிருந்தால் காய்ச்சலும் வந்திடும். வீட்டை வைச்சு நோகாமல் பாருங்கோ" என்று சொல்லி, நோவுக்கு ஒரு தண்ணி மருந்து தந்தார். கணவர் கொழும்பில் கிளாக்கர், எழும்பி வர முடியாமல் அங்கேயே காய்ச்சலில் கிடந்தார். வாடகைக் காரில் மாமாவைக் கூட்டிக்கொண்டு நான் தனியே வந்து சேர்ந்தேன்.

நோவுக்கு மருந்து இருந்தது. பயத்துக்கு இல்லை. அந்த மனுஷன் பயப்படாமல் போகவேண்டும், எங்களால் செய்யக்கூடியது அது ஒன்றுதான். நான் அதைத் தலைகீழாகச் செய்தேன்.

"மாமா, கொஞ்சம் கஞ்சி குடியுங்கோ மாமா" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "பிள்ளை, டொக்டர் என்ன சொன்னவர்?"

"ஒண்டுமில்லை மாமா."

"ஒண்டுமில்லையெண்டால் ஏன் ரண்டுதரம் மாமா போடுறாய்?"

அதற்குப் பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவில்லை. தெருவில் போன ஒருவரை வேலிக்கு மேலால் கூப்பிட்டு ஆசையம்மாவிடம் அனுப்பினேன்.

அவர் வந்து நிலையில் சாய்ந்து நின்று பார்த்தார். "அத்தான், கொள்ளையிலை போறவை எல்லாம் ஒழுங்காய் வரிசையிலை நிக்கினம். நீங்கள் என்ன இடையிலை பூந்து படுத்திருக்கிறியள்?"

மாமாவின் பிடி தளர்ந்தது. "வந்திட்டாளே மூதேசி" என்றார். முகத்தில் ஒரு களை. கஞ்சியும் உள்ளே போனது.

என்னையும் ஏசச் சொல்லிக் கட்டளை. மருமகள் மாமனாரை எப்படி ஏசுவது? நான் முகம் சிவந்து, "மாமா, நீங்கள் சரியான குழப்படி" என்றேன். சிறுபிள்ளைகளைச் செல்லமாக ஏசுகிற சொல் அது. மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உடுப்பிட்டியிலை இவ்வளவுதான் ஏசுவினமோ?" என்று கேட்டார். அன்று நன்றாக நித்திரை கொண்டார்.

இதெல்லாம் நடந்து பல வருஷத்துக்குப் பிறகு, எழுபதுகளில், சுகாதாரப் பகுதியிலிருந்து ஒரு இளம் நேர்ஸ் வந்து, வீட்டில் நோயாளியோடு அன்பாகக் கதைக்கவேண்டும் என்று வாசிகசாலையில் பேசினார். ஆசையம்மா பின்வரிசையிலிருந்து எழும்பி, "பிள்ளை, உப்பிடிக் கதைச்சு இதுவரைக்கும் எத்தினை பேரை அனுப்பிவைச்சிருக்கிறாய்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அறிய விரும்பித்தான் கேட்டார்.

மாமாவுக்கு ஒரு தம்பி இருந்தார், எனக்குச் சின்னமாமா. பக்கத்து வளவில் வீடு. இருவருக்கும் கோபம். தகப்பன் பிரித்துக் கொடுத்த காணியில் எல்லை வேலி அடைக்கும்போது யாரோ பூவரசங் கதியால் ஒன்றை, வேலிக்கம்பை, தள்ளி நட்டுவிட்டார்கள். இவர் அவர் என்பார், அவர் இவர் என்பார். அதற்குப் பிறகு நேரே ஒரு சொல் இல்லை. மாமா எங்கள் ஆட்டைப் பார்த்துத் தம்பியை ஏசுவார். தம்பி தன் மாட்டைப் பார்த்துத் திருப்பி ஏசுவார். ஆடும் மாடும் பாவம்.

காய்ச்சலுக்குப் பயந்து சின்னமாமாவின் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொடிகாமத்தில் தாய் வீட்டுக்குப் போயிருந்தார். தனியே கிடந்து காய்ச்சலில் எழும்பியவர், அண்ணனுக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டார். ஒரு காலை, வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி, தோடம்பழம், அதுதான் ஆரஞ்சு, ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு எங்கள் படலைக்கு வந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. ஆசையம்மா ஓடிப்போய்ப் படலையை இழுத்துப் பிடித்தார்.

"எங்கை போறியள்?"

"அண்ணையைப் பாக்க."

"வெள்ளை வேட்டியோடையும் தோடம்பழத்தோடையுமோ? உங்களைக் கண்டவுடனை அந்த மனிசன் செத்துப்போவார்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் கோபக்காரர் சொல்லாமல் வருவது இரண்டுக்குத்தான். ஒன்று செத்தவீடு, மற்றது சாகப்போகிற வீடு. நல்ல காரியத்துக்கு அழைப்புச் சொல்லவேண்டும். தம்பியின் முகத்தைக் கண்டால் மாமாவுக்கு எல்லாம் விளங்கிவிடும்.

"அப்ப நான் பாக்கக் கூடாதோ மச்சாள்?" என்றார் சின்னமாமா.

ஆசையம்மா கொஞ்சம் யோசித்தார். "பழத்தை இஞ்சை தாங்கோ. போய் உந்த வேட்டியை மாத்திப்போட்டு, வேலியைப் பிடுங்குங்கோ."

"என்ன?"

"அலவாங்கை எடுத்து வேலியைப் பிடுங்குங்கோ எண்டுறன். கொள்ளையிலை போறவைக்கு ஒண்டை ரண்டுதரம் சொல்லவேணும்."

அலவாங்கு என்றால் கடப்பாரை. அது கல்லில் படும் சத்தம் கேட்டதும், மூன்று தலையணைக்கும் எழும்பாத மாமா கையூன்றி எழும்பினார். யன்னலால் பார்த்தார். "எடேய்! ஆரைக் கேட்டடா வேலியிலை கை வைக்கிறாய்?" ஆட்டைப் பார்த்தல்ல. நேரே தம்பியைப் பார்த்து.

சின்னமாமா அலவாங்கைப் பிடித்தபடி நின்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. ஆசையம்மா மாமாவுக்குத் தெரியாமல் வெளியே போய், சின்னமாமாவைப் பார்த்துப் பல்லைக் கடித்து, "ஏசுங்கோ, ஏசுங்கோ" என்றார்.

"என்ரை வேலி, நான் பிடுங்குவன்! நீர் ஆர் கேக்க?" என்றார் சின்னமாமா.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் காலைப் பூசை அதுதான். விடிந்ததும் அலவாங்கு விழும். மாமா கத்துவதற்குத் தெம்பு வேண்டும் என்று தானாகவே கஞ்சி கேட்பார். நான் தலையணை அடுக்கி யன்னலடியில் சாய்த்துவிடுவேன். ஏச்சு முடியுமட்டும் அவருக்கு நோவும் இல்லை, பயமும் இல்லை. சின்னமாமாவுக்கு ஆசையம்மா விடியவே ஒரு ஓலைப்பெட்டியில் புட்டு வைத்துவிட்டு வருவார். ஏசி முடித்துப் போய்த்தான் அவர் சாப்பிடுவார். தெருவில் போகிறவர்கள், சாகக் கிடக்கிற மனுஷனிடம் காணிச் சண்டைக்கு வந்திருக்கிறானே என்று சின்னமாமாவைக் காறித் துப்பினார்கள். அவர் அதையும் துடைத்துக்கொண்டார்.

வேலியில் ஒரு விஷயத்தை நான் பிந்தித்தான் கண்டேன். காலையில் பிடுங்குகிற கதியாலைச் சின்னமாமா மாலையில் திரும்ப நடுவார். நடும்போது தன் பக்கமாகத் தள்ளி நட்டார். நாளுக்கு நாள் வேலி அவருடைய வளவுக்குள் நடந்து போனது. அவருடைய தேசிமரம், அதுதான் எலுமிச்சை, எங்கள் பக்கம் வந்துவிட்டது. அது தெரியாமல் மாமா, "என்ரை காணியைத் தின்னுறான் பாவி" என்று கத்திக்கொண்டிருந்தார். அந்த மாதம் எங்கள் காணி கூடினதுபோல் ஒருகாலமும் கூடவில்லை.

பிறகு மாமாவின் குரல் தேயத் தொடங்கியது. கஞ்சி இறங்கவில்லை. ஒரு பின்னேரம் மாமா கையைக் காட்டி ஆசையம்மாவைக் கிட்டக் கூப்பிட்டார்.

"மச்சாள், தேசிமரம் இப்ப எங்கடை பக்கமெல்லோ நிக்குது?"

ஆசையம்மா குனிந்து போர்வையைச் சரிசெய்தார்.

"எனக்கு வயித்திலைதான் வருத்தம். கண்ணிலை இல்லை" என்றார் மாமா. "அவன் நல்லாய் ஏசினவன். நானும் நல்லாய் ஏசினன். காணும், போதும். பயமொண்டும் இல்லை."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் போனால், பிரேதம் எடுக்குமட்டும் அவன் வாயிலை தண்ணியும் வைக்கமாட்டான். காய்ச்சல்லை எழும்பின உடம்பு. முதல் ஏசி அனுப்பு. தின்னட்டும். பிறகு சொல்லு."

"நீங்களே ஏசுங்கோவன், கொள்ளையிலை..." என்று தொடங்கிய ஆசையம்மா மிச்சத்தைச் சொல்லவில்லை. அவர் அந்தச் சொல்லை விழுங்கினதை நான் அன்றுதான் கண்டேன்.

மாமா விடிகிற நேரம் போனார். பயமில்லாமல்தான் போனார். அவர் கை என் கையைப் பிடித்திருக்கவில்லை, நான்தான் பிடித்திருந்தேன். எனக்கு அழுகை வெடித்து வந்தபோது ஆசையம்மா என் வாயைப் பொத்தினார். வெளியே அலவாங்கு விழுந்தது.

ஆசையம்மா யன்னலுக்கு மறைவாக நின்று தொண்டையைச் செருமினார். மாமாவின் குரல் அவர் வாயிலிருந்து வந்தது.

"எடேய், விடியமுன்னம் வந்திட்டியோ? போய்த் தின்னடா முதல்லை! வெறுவயித்தோடை அலவாங்கு பிடிக்கக் கொப்பரோ உனக்குச் சொல்லித் தந்தவர்?"

கொப்பர் என்றால் உன் அப்பா. எங்கள் ஏச்சு அந்தச் சொல் இல்லாமல் நிறைவேறாது, பழகிய நாக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனால் அண்ணன் தம்பியைப் பார்த்துக் கொப்பர் என்று சொல்லமாட்டான். இருவருக்கும் அப்பு ஒருவர்தானே. எவ்வளவு கோபத்திலும் மாமா "எங்கடை அப்பு" என்றுதான் சொல்லுவார்.

அலவாங்குச் சத்தம் நின்றது.

"மச்சாள்" என்றார் சின்னமாமா, வேலிக்கு அப்பாலிருந்து.

ஆசையம்மா மறைவிலிருந்து விலகி யன்னலுக்கு வந்தார்.

"அண்ணையோ தின்னச் சொன்னவர்?"

"ஓம்" என்றார் ஆசையம்மா, தன் சொந்தக் குரலில். "நேத்துப் பின்னேரம்."

அலவாங்கை நிலத்தில் கிடத்துகிற சத்தம் கேட்டது.

"அப்ப தின்னிட்டு வாறன்" என்றார் சின்னமாமா.

ஆசையம்மா வந்து மாமாவின் பாதங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வேலி பிடுங்கிய இடைவெளிக்கு நேரே சின்னமாமாவின் குசினி, அவருடைய சமையலறை, இருந்தபடியால் எங்களுக்கு எல்லாம் கேட்டது. பெட்டி மூடி திறந்தது. புட்டு தொண்டையில் அடைத்து இருமினார். தண்ணீர் குடித்தார். அழுதார். திரும்பவும் சாப்பிட்டார். ஒரு பெட்டிப் புட்டை ஒரு மனுஷன் அவ்வளவு நேரம் சாப்பிட்டதை நான் கேட்டதில்லை. நான் விம்மும்போதெல்லாம் ஆசையம்மா கையால் பொறு என்று காட்டினார். உதட்டைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தார்.

கிணற்றடியில் சின்னமாமா கை கழுவுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் ஆசையம்மா கொண்டையை அவிழ்த்துவிட்டு, வாயைத் திறந்து ஒப்பாரி வைத்தார்.